வானொலி தொடங்க நான்கு வழிகள்: சென்னைத் தன்னார்வலர்களுக்கு எது பொருந்தும்?

தன்னார்வலர்கள் கூடி வானொலி நடத்துவது சென்னைக்கு நூறாண்டுப் பழைய ஆசை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று, ஆர்வலர்கள் சிலரைச் சேர்த்து மதராஸ் மாகாண வானொலிச் சங்கத்தை அமைத்தார். அந்த ஆண்டே ஒலிபரப்பும் தொடங்கியது. நாட்டில் அரசு வானொலி என்ற ஒன்றே இல்லாத காலம் அது. 1927இல் பணம் இல்லாமல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 முதல் மாநகராட்சி வானொலி நடந்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அதுவும் ஓய்ந்தது.

அந்தச் சங்கத்துக்குத் தொடங்க ஆளும் கருவியும் கிடைத்தன. தொடர்ந்து நடத்தத்தான் முடியவில்லை. இன்று வானொலி தொடங்க விரும்பும் குடியிருப்போர் நலச்சங்கத்தாரும், மீனவர் குப்பத்து இளைஞர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வந்து நிற்பது அதே இடத்தில்தான். எஃப்.எம் உரிமம் வாங்குவதா, ஏதாவது கல்லூரி வானொலியில் நேரம் கேட்பதா, இணையத்தில் ஆரம்பித்துவிடுவதா என்று கேட்கிறார்கள். உரிமத்தைப் பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. இரண்டாம் ஆண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு இரண்டாம் ஆண்டுதான் முக்கியம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் பார்க்க வேண்டியது நேயரின் கையில் என்ன இருக்கிறது என்பது. பல புதிய ஸ்மார்ட்போன்களில் எஃப்.எம் வசதி கிடையாது. எஃப்.எம் வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தும் அளவுக்கு நிலைமை போயிற்று. வசதி உள்ள போன்களிலும் பெரும்பாலானவற்றில் இயர்போன் வயரைச் செருகினால்தான் அலை பிடிக்கும், ஏனென்றால் அந்த வயர்தான் ஆன்டெனா. இன்னொரு பக்கம், இஸ்திரி வண்டியிலும் தையல் கடையிலும் ஆட்டோவிலும் எஃப்.எம் இன்னும் காலை முதல் இரவு வரை பாடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பகுதியில் எந்த நிலை என்பதை ஊகிக்காதீர்கள். இருபது வீடுகளிலும் பத்துக் கடைகளிலும் ஏறி இறங்கிக் கேளுங்கள்.

இரண்டாவது, தன்னார்வலர்களின் நேரம். அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆளைத் தேடிப் பேசி, ஒலிப்பதிவு செய்து, வெட்டி ஒட்டி முடிக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் புதிய நிகழ்ச்சி என்றால் வாரத்துக்கு எழுபது முதல் எண்பது மணி நேர உழைப்பு. வேலைக்குப் போகும் ஒருவர் வாரத்தில் நான்கு மணி நேரம் ஒதுக்குவதே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் இருபது பேர் வேண்டும், வாரம் தவறாமல் வேண்டும். அரையாண்டுத் தேர்வு, தீபாவளி, கல்யாண மாதம் என்று எது வந்தாலும் வேண்டும்.

மூன்றாவது பணம், தொடக்கச் செலவையும் மாதச் செலவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான்காவது, எதைப் பேசலாம், எந்தப் பாட்டைப் போடலாம் என்ற சட்ட எல்லை. ஐந்தாவது சென்னைக்கே உரியது: வடகிழக்குப் பருவமழையில் அது தாக்குப்பிடிக்குமா? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரம் போய், கைபேசிச் சிக்னலும் போய், அடுத்த தெருவில் என்ன நிலைமை என்றே தெரியாமல் மக்கள் மாடியில் நின்றார்கள். வானொலி வேண்டும் என்ற எண்ணம் இந்த நகரத்தில் பலருக்கு வந்தது அந்த நாட்களில்தான்.

## சொந்த உரிமம், சொந்த எஃப்.எம்

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. ஒரு வட்டார மக்களுக்காக லாப நோக்கின்றி நடக்கும் சமுதாய வானொலி அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம்மைத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி நம் கிண்டியிலிருந்து ஒலித்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008இல் தொடங்கியது. நம் மாநிலத்தில் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை 2016இல் வந்தது.

தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. அரசியல் கட்சிகளும், அவற்றின் மாணவர், மகளிர், தொழிற்சங்கக் கிளைகளும், லாப நோக்குள்ள நிறுவனங்களும் விண்ணப்பிக்க முடியாது. பதிவுபெற்ற, லாப நோக்கற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்தப் பகுதி மக்களுக்குக் குறைந்தது மூன்றாண்டு சேவை செய்ததற்குச் சான்று வேண்டும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பாக இருந்தாலும், நேற்றுப் பதிந்துவிட்டு இன்று விண்ணப்பிக்க இயலாது. பலருடைய திட்டம் இந்த வரியிலேயே நின்றுவிடுகிறது.

தகுதி இருந்தால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் விண்ணப்பம், பல துறைகளின் ஒப்புதல், கொள்கையளவில் சம்மதம் சொல்லும் விருப்பக் கடிதம், தொலைத்தொடர்புத் துறையிடம் அலைவரிசையும் கோபுரத்துக்கான அனுமதியும், அதன்பின் ஒப்பந்தம் என்று கோப்பு நகரும். ஓராண்டு ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் ஆகலாம். ஏற்கெனவே தனியார் எஃப்.எம்களும் வளாக வானொலிகளும் நெருக்கியடிக்கும் சென்னையில் அலைவரிசை கிடைப்பதும் எளிதல்ல.

கிடைக்கும் சக்தி 100 வாட். ஆன்டெனா 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. திறந்த வெளியில் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். எஃப்.எம் அலை நேர்கோட்டில் போவது. அடுக்குமாடிகளுக்குப் பின்னால் நிழல் விழும். வேளச்சேரியில் நின்று தாம்பரத்தைப் பிடிக்கக் கனவு காண வேண்டாம். ஒரு வட்டாரத்துக்கு அது போதும், சமுதாய வானொலியின் பொருளும் அதுதான்.

ஸ்டுடியோ, டிரான்ஸ்மிட்டர், கோபுரம் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகச் செய்தாலும் தொடக்கச் செலவு பத்து லட்சம் ரூபாயைத் தொட்டுவிடும். உபகரணங்களுக்கு மத்திய அரசு மானியம் உண்டு. ஆனால் மானியத்தால் மாதச் செலவை ஓட்ட முடியாது. நான் கவலைப்படுவது கண்ணில் படாத செலவுகளைப் பற்றி. உரிமம் ஒரு முகவரிக்குக் கட்டுப்பட்டது. கோபுரம் நிற்கும் மாடியின் சொந்தக்காரர் வீட்டை விற்றால் மறுபடி அனுமதிக்கு அலைய வேண்டும். கடலோரம் என்றால் உப்புக்காற்றில் போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் கோபுரத்தில் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த நகரத்தின் மரங்களை என்ன செய்தது என்பதை நினைத்துப் பார்த்தால் கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு ஆகும் செலவைக் குறைக்க மனம் வராது. இடிதாங்கி, யு.பி.எஸ், பேட்டரி, மின்கட்டணம், ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் சேமித்து வைக்கும் ஏற்பாடு என்று பட்டியல் நீளும். கட்டணங்களும் நிலையானவை அல்ல. 2012இல் ஆண்டு அலைக்கற்றைக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே திரும்பப் பெற்றார்கள்.

வருமானத்துக்கு வழி உண்டா? உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதலின்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம்; முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரங்களுக்கான கட்டணம் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது, அதாவது நிமிடத்துக்கு 444 ரூபாய். ஆனால் அரசு விளம்பரம் வருவதும் அதற்கான பணம் வருவதும் நம் கையில் இல்லை. பக்கத்துத் தெரு மருந்துக் கடையும் டியூஷன் சென்டரும் தரும் சின்னச் சின்ன விளம்பரங்கள்தான் மாதாமாதம் வரக்கூடியவை. அவற்றைத் திரட்ட ஓர் ஆள் தனியாக அலைய வேண்டும்.

முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களை வைத்துத் தினசரி எஃப்.எம் நடத்த முடியும் என்று நான் நம்பவில்லை. சம்பளத்துக்கு இருவராவது வேண்டும்: ஒருவர் நிலையப் பொறுப்பாளர், இன்னொருவர் தொழில்நுட்பர். நிகழ்ச்சிகளைத் தன்னார்வலர்கள் செய்யட்டும். காலை ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போடும் கடமையை அன்பின் பேரில் ஒருவர் தலையில் ஆண்டு முழுவதும் கட்ட முடியாது.

உள்ளடக்கத்திலும் எல்லை உண்டு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில், மக்கள் பங்கேற்போடு தயாராக வேண்டும். நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதியேனும் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 2024 வழிகாட்டுதல். நல்ல விதி, மனதார வரவேற்கிறேன். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். தண்ணீர், மின்தடை, வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, பேரிடர் அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படுவதில்லை. ஒரு வட்டாரத்துக்கு அன்றாடம் வேண்டியது அநேகமாக இந்தப் பட்டியலிலேயே அடங்கிவிடும்.

இந்த வழிக்கு ஈடே இல்லாத இடம் பேரிடர். 2015 வெள்ளத்தில் கடலூரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் பேரிடர் கால வானொலி என்று தற்காலிகமாக ஒன்றை நிறுவி மக்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். பென்சில் பேட்டரி போட்ட சிறு ரேடியோவுக்குக் கைபேசிக் கோபுரமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

## கல்லூரி வானொலியில் ஒரு நேரம்

பலரும் இதை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையில் அண்ணா எஃப்.எம் இருக்கிறது, எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியின் 107.8 இருக்கிறது, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். வளாகத்தின் முத்துச்சரம் இருக்கிறது. சமுதாய வானொலி என்பதால் சுற்றுவட்டார மக்களின் பங்கேற்பு இவற்றுக்கு விதிப்படியே தேவை. ஒழுங்காக நிகழ்ச்சி தயாரித்துத் தரும் குழுவை எதற்காகத் திருப்பி அனுப்பப் போகிறார்கள்?

டிரான்ஸ்மிட்டரும் உரிமமும் ஸ்டுடியோவும் அவர்களுடையவை. வாரம் ஒரு அரைமணி நேரத்துக்கு நான்கு பேர் கொண்ட குழு போதும். தொழிலையும் கற்றுக்கொள்ளலாம். ஒலிப்பதிவு அறைக்குள் முதன்முதலாக வரும் பூக்கார அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டினால், தன் குரலே காதுக்குள் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மைக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பி, “இன்று மல்லி முழம் என்ன விலைக்குப் போகிறது?” என்று கேட்டால் போதும், கோயம்பேட்டில் விடியற்காலை நடந்த பேரத்திலிருந்து பேரனின் கல்லூரிக் கட்டணம் வரை தடையில்லாமல் வரும். அந்த முதல் இரண்டு நிமிடத்தை எப்படிக் கையாள்வது என்பதை எந்த உரிமமும் சொல்லித் தராது.

மறைந்திருக்கும் விலை வேறு வகை. செமஸ்டர் தேர்வும் கோடை விடுமுறையும் வந்தால் உங்கள் நேரம் நகரலாம். பொறுப்பான பேராசிரியர் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். நிர்வாகத்துக்குப் பிடிக்காத பொருளைத் தொட முடியாது. ஊரில் உள்ள குப்பைக் கிடங்கைப் பற்றிப் பேசவே நீங்கள் வானொலி கேட்கிறீர்கள் என்றால் இதை முதல் சந்திப்பிலேயே உடைத்துப் பேசிவிடுங்கள். கிண்டி வளாகத்துச் சமுதாய வானொலி திருவொற்றியூரை எட்டாது என்பதால் வடசென்னைக் குழுக்களுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. பதிவுகளின் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை சொந்த வானொலி வரும்போது அந்தக் குரல்கள் உங்களுக்கு வேண்டும்.

## இணைய வானொலியும் பாட்காஸ்டும்

ஒரு மடிக்கணினி, ஒரு யு.எஸ்.பி மைக், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள்: அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம். தனி அறை இல்லையா? பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் புடவைகளைப் பார்த்து உட்கார்ந்து பேசினால் எதிரொலி பெருமளவு அடங்கும். மின்விசிறியை மட்டும் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது சிறு தவம். ஒலிபரப்பு உரிமம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். துபாயில் இருக்கும் மகனும் கேட்கலாம்.

ஆனால் அடுத்த தெருவில் இருப்பவர் கேட்பாரா? நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். இன்றைய டேட்டாவுக்கு அது பெரிதல்ல. சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. எஃப்.எம்மைத் திருகும்போது தற்செயலாக உங்கள் குரலில் விழுந்து நின்றுவிடுபவர் உண்டு. இணையத்தில் உங்களைத் தேடி வருபவர்தான் வருவார். வாரந்தோறும் இணைப்பை அனுப்பி நினைவூட்டுவதே ஒருவருடைய முழு வேலையாகிவிடும்.

பாட்டு விஷயத்தில்தான் பலரும் சிக்குகிறார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, கட்டணம் செலுத்திப் பாடல்களை ஒலிபரப்ப வானொலிகளுக்கு ஒரு சட்டபூர்வ வழி தருகிறது. இணைய ஒலியோட்டத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இணைய வானொலியில் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் உரிமையாளர்களிடம் நேரடியாக அனுமதி பெற வேண்டும். தன்னார்வக் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது. இதை இழப்பாக எண்ணாதீர்கள். வடசென்னைக் கானா, பாட்டிமாரின் நலங்குப் பாட்டு, தாலாட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கூட்டுப்பாட்டு என்று பாடுபவரிடம் சம்மதம் பெற்றுப் பதிவு செய்ய நம் தெருக்களிலேயே ஏராளமாக இருக்கின்றன. வேறு எந்த எஃப்.எம்மிலும் கிடைக்காதவை அவை. ஒரு சினிமா மெட்டில் எழுதிய கானாவென்றால் மட்டும் மெட்டின் உரிமையையும் யோசிக்க வேண்டும்.

செய்தி பேசுவதற்கு இங்கே சமுதாய வானொலியின் தடை இல்லை. அதற்காகக் கட்டற்றது என்று நினைத்துவிட வேண்டாம். இணையச் செய்தி வெளியீட்டாளர்களுக்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன, அவதூறுச் சட்டமும் இருக்கிறது. மழைக்காலத்தில் சிக்னல் போனால் உங்கள் வானொலியும் போய்விடும். பேரிடரை நினைத்துத் தொடங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

## ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப்பும்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பூதிக்கோட்டை என்ற ஊரில், உரிமம் கிடைக்காத காலத்தில், நம்ம த்வனி என்ற குழு கேபிள் கம்பி வழியாக வீடுகளுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது. சென்னையில் அதற்கு நிகரானது, வாரம் ஒருநாள் மாலை சமூகக்கூடத்திலோ ரேஷன் கடை வாசலிலோ ஒலிபெருக்கியில் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டி, அதையே பத்து நிமிடத் துண்டுகளாக வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவது. செலவு சொற்பம். காவல்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. கேட்டவர்கள் முகத்தை நேரில் பார்க்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | சொந்த எஃப்.எம் | கல்லூரி வானொலி நேரம் | இணையம் | ஒலிபெருக்கி, வாட்ஸ்அப் |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் காலம் | ஓராண்டு அல்லது மேல் | சில வாரங்கள் | சில நாட்கள் | சில நாட்கள் |
| தொடக்கச் செலவு | பத்து லட்சத்தை ஒட்டி | மிகக் குறைவு | சில ஆயிரம் | சில ஆயிரம் |
| தேவைப்படும் ஆட்கள் | இருபது பேர், சம்பளத்துக்கு இருவர் | நான்கு பேர் | இருவர் முதல் ஐவர் | மூவர் |
| மறைந்த செலவு | கோபுரம், இடம், சம்பளம் | நேர மாற்றம், தணிக்கை | நேயரைத் தேடும் உழைப்பு | அனுமதி, அலைச்சல் |
| பாட்டு | கட்டணத்தோடு வழி உண்டு | நிலையத்தின் உரிமத்துக்குள் | நேரடி அனுமதி | கூட்டத்தில் போட அனுமதி தேவை |
| வெள்ளத்தின்போது | பேட்டரி இருந்தால் தாக்குப்பிடிக்கும் | நிலையத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது | தாக்குப்பிடிக்காது |

## யாருக்கு எது?

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலோ காசிமேட்டை ஒட்டிய குப்பங்களிலோ நீங்கள் ஏற்கெனவே மூன்றாண்டுகளுக்கு மேல் வேலை செய்யும் பதிவுபெற்ற அமைப்பு. வாடகையோ விற்பனையோ அசைக்க முடியாத ஒரு கட்டடம் உங்களுக்கு இருக்கிறது. இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்குப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் தயங்காமல் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் விடியலுக்கு முன் தன் மொழியில் கேட்க வேண்டிய மீனவருக்கும், வெள்ளம் வந்தால் முதலில் துண்டிக்கப்படும் குடியிருப்புக்கும் எஃப்.எம்முக்கு மாற்றே இல்லை. சென்னையில் அத்தகைய வானொலிகள் இன்னும் பல வர வேண்டும் என்பது என் ஆசை.

தென்சென்னையிலோ நகரின் நடுவிலோ இருக்கும் சிறு குழுவா? வளாக வானொலியில் வாரம் ஒரு நேரம் கேளுங்கள். ஆர்வம் மட்டுமே கையிருப்பாக உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேட்பவர்கள் நகரெங்கும் சிதறியிருந்தால், உதாரணமாக பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நூல் வாசிப்பது, ஒரு தொழிலைச் சேர்ந்தவர்களுக்காகப் பேசுவது என்றால், இணையம். நூல் வாசிப்புக்கும் உரிமையாளரின் அனுமதியைப் பற்றி முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே தெருக்கூட்டம், இன்னும் யார் கேட்பார்கள் என்றே தெரியவில்லை என்றால் ஒலிபெருக்கியில் தொடங்கலாம்.

வடசென்னையில் பதிவில்லாத குழுவாக இருந்து எஃப்.எம்மையே விரும்புபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். இந்த மாதமே சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். மூன்றாண்டுக் கணக்கு ஓடத் தொடங்கட்டும். நடத்தும் ஒவ்வொரு முகாமுக்கும், கூட்டத்துக்கும் தேதி போட்ட பதிவேடும் புகைப்படமும் வைத்திருங்கள். பின்னால் விண்ணப்பத்தோடு இணைக்க அவைதான் சான்று. அதே மூன்றாண்டில் வாரம் ஒரு நிகழ்ச்சியை இணையத்திலும் ஒலிபெருக்கியிலும் தாருங்கள். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எத்தனை வாரம் விட்டுப்போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டிலும் விட்டுப்போன வாரங்கள் குறையவில்லை என்றால் டிரான்ஸ்மிட்டர் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஆட்களைச் சேருங்கள்.